மிலிட்டரி வண்டி சூடானால் நின்று விடுகிறது, அவசரம்

எர்ணாவூர்_வண்டி:
வணக்கம். ஏலத்தில் வந்த மிலிட்டரி வண்டி ஒன்று வைத்திருக்கிறேன். காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அரை மணி நேரம் ஊர்ந்தால் போதும், இழுவை குறைந்து, இரண்டு மூன்று தடவை விக்கி, அப்படியே நின்று விடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. நேற்று காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் நின்றுவிட்டது, பின்னால் இருந்த டிரைவர்கள் தந்த ஆசீர்வாதத்தை இங்கே எழுத முடியாது. ஞாயிறு குடும்பத்தோடு பழவேற்காடு போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

ஜோங்கா_பிரியன்:
மிலிட்டரி வண்டி என்றால் எது அண்ணா? ஜோங்காவா, நிஸ்ஸான் ஒன் டன்னா, சக்திமானா? பெட்ரோலா டீசலா?

மூலக்கடை_ஸ்பானர்:
ஏர் லாக்தான், டீசல் பைப்பில் காற்று புகுந்திருக்கிறது. ஃபில்டர் மேலே இருக்கிற போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப் அடித்து, நுரை நிற்கும் வரை ஏர் எடுங்கள். மாதவரம் பக்கம் தினமும் நாலு லாரிக்கு இதைத்தான் செய்கிறேன்.

ஜோங்கா_பிரியன்:
டீசலா என்றே அவர் இன்னும் சொல்லவில்லையே ஸ்பானர் அண்ணா.

பாயின்ட்_கேப்:
டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? வண்டி என்ன, இன்ஜின் என்ன, மின்சாரம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, கடைசியாக எதைக் கழற்றி மாட்டினீர்கள், இது எதுவுமே இல்லாமல் அவசரம் என்று தலைப்பு வேறு. நான் இந்த வண்டிகளோடு முப்பது வருடமாகப் புரள்கிறேன். பெட்ரோல் வண்டியாக இருந்தால், பிளக் பொறிக்குத் துணையாக இருக்கிற சின்ன மின் பாகமான கண்டன்சர்தான், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

எர்ணாவூர்_வண்டி:
மன்னிக்கவும் சார். நிஸ்ஸான் ஒன் டன், பெட்ரோல்.

ஜோங்கா_பிரியன்:
அப்படியென்றால் ஜோங்காவுக்கு உறவுக்கார வண்டிதான், அதே வகை 6 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். என்னுடையது 3,956 சிசி. எனக்கு மே மாதத்தில் இதே மாதிரி வந்தது, வேப்பர் லாக். மெதுவாகப் போகும்போது பானெட்டுக்குள் காற்று ஓடாது. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்தில் போகிற பைப்பில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், பம்ப்பால் ஆவியை இழுக்க முடியாது. நின்றதும் பம்ப் மேலே ஈரத்துணி போடுங்கள், உடனே பிடித்தால் அதுதான்.

கொருக்குப்பேட்டை_குமிழ்:
இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்ப் உள்ளே இருக்கிற சவ்வும் (டயாஃப்ரம்) அதைத் தாங்காது, ஊறி இளகிவிடும். முதலில் அதை மாற்றுங்கள்.

பாயின்ட்_கேப்:
எத்தனால் வருவதற்கு முன்பும் இந்த வண்டிகள் நடுரோட்டில் நின்றுகொண்டுதான் இருந்தன. கண்டன்சருக்கு வயதானால் சூட்டில் உள்ளே இன்சுலேஷன் விட்டுவிடும், மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டுகிற தொடுமுனையான பாயின்ட்டில் பொறி சிதறி பிளக்குக்குப் போக வேண்டியது போகாது, ஆறினால் பழையபடி வேலை செய்யும். அவர் சொன்ன அறிகுறிக்கு வரி வரியாகப் பொருந்துகிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள், கருகிப் போயிருக்கும். இன்னொன்று, வண்டி நின்ற நிமிடமே பிளக் வயரைக் கழற்றி இன்ஜின் பிளாக் பக்கத்தில் பிடித்து செல்ஃப் அடியுங்கள். நீலமாக, சத்தத்தோடு பொறி வந்தால் மின்சாரத்தில் குற்றமில்லை. மஞ்சளாக வந்தால் நான் சொன்னது. பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யாதீர்கள், வண்டியோடு நீங்களும் போய்விடுவீர்கள்.

மணலி_மாமா:
நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள் தம்பி. உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் மூச்சு விடுகிற ஓட்டை அடைத்திருக்கிறது. டேங்க் உள்ளே வெற்றிடம் சேர்ந்தால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது.

கொருக்குப்பேட்டை_குமிழ்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. சமீபத்தில் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள்?

எர்ணாவூர்_வண்டி:
ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் பெயின்ட் அடித்தேன், அவ்வளவுதான். கடல் காத்தில் பாடி பூராவும் துரு.

ஜோங்கா_பிரியன்:
என்ன கலர்?

எர்ணாவூர்_வண்டி:
மிலிட்டரி பச்சைதான், ஒரிஜினல் மாதிரியே.

பாயின்ட்_கேப்:
போச்சு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121. பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. வண்டி நிற்பது இருக்கட்டும், போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வீர்கள்?

மூலக்கடை_ஸ்பானர்:
எத்தனை ஜீப் அந்தக் கலரில் ஓடுகிறது, யார் பிடிக்கிறார்கள்?

பாயின்ட்_கேப்:
பிடிக்கவில்லை என்றால் சட்டம் இல்லை என்று அர்த்தமா? பொழுதுபோக்கு என்று நாலு பேர் செய்கிற வேலையால் ஒழுங்காக பேப்பர் வைத்திருக்கிறவனுக்கும் கெட்ட பெயர்.

ஜோங்கா_பிரியன்:
என்னுடையது மணல் கலர். ஆனால் பச்சையில் பார்க்கிற அழகு வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பாசிப்பச்சை கொஞ்சம் கறுத்த மாதிரி அடித்தால் அது ஆலிவ் பச்சையில் சேருமா?

மூலக்கடை_ஸ்பானர்:
சேராது.

பாயின்ட்_கேப்:
அதை நீங்கள் முடிவு செய்வதில்லை, ஆர்டிஓ முடிவு செய்வார்.

மணலி_மாமா:
கலரை விடுங்கப்பா. தம்பி, பெயின்ட்டுக்கு விட்டபோது டேங்க் மூடியைக் கழற்றினார்களா?

(இரண்டு நாளாகச் சத்தமில்லை)

ஜோங்கா_பிரியன்:
எர்ணாவூர் அண்ணா, ஈரத்துணி போட்டுப் பார்த்தீர்களா?

எர்ணாவூர்_வண்டி:
சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. பெயின்ட் கடையில் பழைய மூடியைத் தொலைத்துவிட்டு வேறு ஏதோ வண்டி மூடியை மாட்டியிருக்கிறார்கள், அதில் ஓட்டையே இல்லை. புதுப்பேட்டையில் வேறு மூடி வாங்கினேன். போனதுதான் போனோம் என்று கண்டன்சரும் மாற்றிவிட்டேன். பழவேற்காடு போய் வந்தாயிற்று, எங்கும் நிற்கவில்லை.

மணலி_மாமா:
சந்தோஷம் தம்பி.

பாயின்ட்_கேப்:
இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரி செய்தது என்று எப்படித் தெரியும்? பழைய கண்டன்சரைத் திரும்ப மாட்டி, புது மூடியோடு அதே ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து சொல்லுங்கள். திறந்தபோது உஸ் சத்தம் வந்ததா என்று கூட எழுதவில்லை.

கொருக்குப்பேட்டை_குமிழ்:
ஹோஸை மாற்றினீர்களா?

மூலக்கடை_ஸ்பானர்:
மூடி புதுப்பேட்டையில் எந்தக் கடையில் கிடைத்தது? எனக்கும் ஒன்று வேண்டும்.