இரண்டு பிள்ளைகள், ஒரே பள்ளி: வாஷிங்டன் டி.சி. லாட்டரியில் எங்கள் அனுபவங்கள்

ஒவ்வொரு டிசம்பரிலும், பள்ளி இடங்களைக் குலுக்கிக் கொடுக்கும் லாட்டரிக்கு விண்ணப்பம் திறந்ததும், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் யாராவது என்னிடம் இந்தக் கேள்வியோடு வருவார்கள்: "பெரியவளையும் சின்னவனையும் ஒரே பள்ளியில் சேர்க்க வழி இருக்கிறதா?" இருக்கிறது. ஆனால் பெரிய பிள்ளை முதலில் உள்ளே போக வேண்டும், சின்னது பின்னால் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்று வயதுத் தம்பிதான் அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அது எப்படி நடந்தது என்று விவரமாக எழுதுகிறேன். உங்களுடையதையும் கீழே எழுதுங்கள்.

புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிண்டர்கார்டனிலிருந்து உங்கள் முகவரிக்குரிய பள்ளியில் இடம் உறுதி. அதற்கு லாட்டரி வேண்டாம். அதற்கு முந்தைய வகுப்புகளான பி.கே.3, பி.கே.4 என்றால் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பள்ளிக்கும் லாட்டரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். செப்டம்பர் 30க்குள் மூன்று வயது நிறைந்திருந்தால் பி.கே.3. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு எல்லை கிடையாது, நகரத்தில் யாரும் கேட்கலாம், எந்த வகுப்பானாலும் லாட்டரிதான். 'மை ஸ்கூல் டி.சி.' என்ற ஒரே விண்ணப்பத்தில் 12 பள்ளிகள் வரை வரிசைப்படுத்தலாம். இந்தப் பொது லாட்டரி 2014-15 கல்வியாண்டுக்காகத் தொடங்கியது. அதற்கு முன்பு சார்ட்டர் பள்ளிகள் தனித்தனியாகக் குலுக்கிக்கொண்டிருந்தன. ஒரு குடும்பம் மூன்று இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும், பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் இருக்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குழந்தைக்கு ஒரு விண்ணப்பம், ஒரு குலுக்கல் எண். அதே எண்தான் அந்தக் குழந்தை கேட்ட எல்லாப் பள்ளிக்கும். அக்கா எண் வேறு, தம்பி எண் வேறு. எங்கள் மகள் அப்போது எங்கள் பகுதிப் பள்ளியில் கிண்டர்கார்டன் படித்துக்கொண்டிருந்தாள், அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு. மகனுக்கு பி.கே.3. ஒன்றாம் வகுப்பில் எங்கே இடம் வரும்? யாராவது வீடு மாறினால், ஊர் மாறினால் வரும். அவ்வளவுதான். பி.கே.3 என்பது பல பள்ளிகளில் நுழைவு வகுப்பு, வகுப்பறை முழுவதும் காலியாகத் தொடங்கும். அதனால் இரண்டு பேரில் சின்னதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். சின்னது உள்ளே போய்விட்டால், காத்திருக்கும் பெரியதுக்கு உடன்பிறந்தோர் முன்னுரிமை கிடைக்கும். ஏற்கெனவே ஒரு பிள்ளை படிக்கும் பள்ளியில் மட்டும்தான் அந்த முன்னுரிமை என்று நினைக்காதீர்கள். அதே லாட்டரியில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் மற்றவருக்கு உண்டு. படிக்கும் பிள்ளையின் உடன்பிறப்பு முதலில், இடம் கிடைத்த பிள்ளையின் உடன்பிறப்பு அடுத்து. அந்தந்தக் குழுவுக்குள் குலுக்கல் எண்படி வரிசை.

நானும் என் கணவரும் இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிகளை ஒரே வரிசையில் போட்டோம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் இதுதான்: ஒரு பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால், பட்டியலில் அதற்குக் கீழே எழுதிய பள்ளிகளிலிருந்து குழந்தையின் பெயர் போய்விடும். மேலே எழுதியவற்றில் மட்டும்தான் காத்திருப்பு இருக்கும். தம்பிக்கு இடம் கிடைக்கும் பள்ளி அக்காவின் பட்டியலில் கீழே கிடந்தால், அவளுக்கு மேலே வேறொன்று கிடைத்த நிமிடமே இருவரும் பிரிந்துவிடுவார்கள். சேர்ந்து படிப்பதுதான் முக்கியம் என்று முடிவு செய்தால் இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்கட்டும். அப்புறம், சுலபமாகக் கிடைக்கும் என்பதற்காக மனதுக்குப் பிடிக்காததை மேலே போடாதீர்கள். இந்த முறை 2012இல் பொருளாதார நோபல் பெற்ற ஆல்வின் ராத்தின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. முதலிடத்தில் எழுதிய பள்ளி கிடைக்காவிட்டால், இரண்டாவதில் உங்கள் வாய்ப்பு அதனால் கொஞ்சம்கூடக் குறையாது.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. மகனுக்கு இரண்டாவது விருப்பப் பள்ளியில் இடம். மகளுக்கு எங்கும் இல்லை. முதல் விருப்பத்தில் அவள் காத்திருப்பு வரிசையில் 143ஆவது. மூன்றாவதில் 97. ஆனால் தம்பிக்குக் கிடைத்த அந்தப் பள்ளியில் மட்டும் 5. அதே பெண், அதே குலுக்கல் எண். திரையில் அந்த மூன்று எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதைப் பார்த்தபோதுதான் இந்த முன்னுரிமைக்கு எவ்வளவு பலம் என்று எனக்கு உறைத்தது.

ஆனால் 5 என்பது இடம் இல்லை. மே மாதம் மகனைச் சேர்க்கப் போனோம், டி.சி. வரி பிடித்த சம்பளச் சீட்டு ஒன்று வசிப்பிடச் சான்றுக்குப் போதுமானதாக இருந்தது. ஜூனில் அவள் 5இலிருந்து 3க்கு வந்தாள். ஜூலை முழுக்க முன்னே நகரவில்லை. இந்த நேரத்தில் வேறொரு சிக்கல். ஒருநாள் பார்த்தால் 3 மறுபடி 4 ஆகியிருந்தது. பள்ளி அலுவலகத்தைக் கேட்டால் "அப்படி ஆகாதே" என்றார்கள். ஆகும். நமக்குப் பின்னால் நிற்கும் ஒரு குழந்தையின் தங்கைக்கோ அண்ணனுக்கோ அங்கே இடம் கிடைத்தால் அந்தக் குழந்தை நம்மைத் தாண்டிப் போகலாம். அதே அலுவலகத்தில் மகளின் முன்னுரிமை 'சேர்ந்துவிட்ட பிள்ளையின் உடன்பிறப்பு' என்று மாற்றப்படாமலே கிடந்தது. லாட்டரி உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசிய பிறகுதான் சரியானது. ஒரு பிள்ளையைச் சேர்த்த கையோடு, மற்றதன் முன்னுரிமை பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் பள்ளி திறந்தது. காலையில் மகளை நடந்தே பக்கத்துப் பள்ளியில் விட்டுவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு ரெட் லைன் மெட்ரோ ரயிலைப் பிடிக்க ஓடினேன். இரண்டு பள்ளியும் தொடங்கும் நேரத்துக்கு இடையே அரை மணிகூட இல்லை. அப்போதுதான் அழைப்பு வந்தது, மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடம். ஓரிரு நாளில் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கோ பழைய பள்ளியில் தோழிகள், புது டீச்சரைப் பிடித்துப்போயிருந்தது. "தம்பி எங்கே தூங்குவான் என்று நான் பார்க்கலாமா?" என்றுதான் கேட்டாள். பி.கே.3இல் மதியம் தூங்கவைப்பார்கள், அதைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை. சேர்த்துவிட்டோம்.

செப்டம்பரில் எங்கள் முதல் விருப்பப் பள்ளி மகனுக்காக அழைத்தது. அந்தப் பள்ளியை எவ்வளவு விரும்பியிருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அவன் போனால் மகளும் அங்கே முன்னுரிமையில் மேலே ஏறுவாள், அதுவும் தெரியும். ஆனால் அங்கே ஒன்றாம் வகுப்பில் அந்த வருடம் யாரும் விலகியதாகத் தெரியவில்லை. அவனை அங்கே சேர்த்த நிமிடம் இங்கே அவன் இடம் போய்விடும். கிடைத்த சேர்க்கையைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதே முடிவைத்தான் இன்றும் எடுப்பேன்.

பெட்வொர்த், இரட்டையர்களின் அம்மா

அக்கா, நீங்கள் எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். இரட்டைக் குழந்தைகளுக்கும் இரண்டு விண்ணப்பம், இரண்டு எண்தான். எங்களுக்கு பி.கே.3இல் ஒருத்திக்குக் கிடைத்தது, மற்றவள் அதே பள்ளியில் காத்திருப்பில் முதலாவது. முதலாவதுதானே, வாரத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கோடை முழுவதும் அந்த 1 அப்படியே இருந்தது.

ஒருத்தி பள்ளி உடையில், ஒருத்தி டேகேருக்கு. டேகேருக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல், அது ஒரு பக்கம். காலையில் செருப்பு மாட்டும்போது "நானும் அந்தப் பள்ளிதான்" என்று சின்னவள் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வாள். அதுதான் தாங்கவில்லை. இருவரையும் டேகேரிலேயே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தோம். விட்டிருந்தால் முன்னுரிமையே போயிருக்கும். என் மாமியார் ஊரிலிருந்து போனில், "ஒண்ணு உள்ளே இருந்தாத்தான் இன்னொண்ணை இழுக்கும், பொறுத்துக்கோ" என்றார். லாட்டரி பற்றி ஒன்றும் தெரியாத அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அக்டோபர் 5 அன்று பள்ளிகள் மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுப்பார்கள், சார்ட்டர் பள்ளிகளுக்குப் பணம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் வரும். அதனால் அதற்கு முந்தைய நாட்களில் பேர் இருந்தும் வராத குழந்தைகளின் இடத்தைக் காலிசெய்து வேறு குழந்தைகளை அழைப்பார்கள். எங்களுக்கு அந்த வாரத்தில்தான் வந்தது. செப்டம்பரில் நம்பிக்கை இழக்காதீர்கள், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள்.

பிரைட்வுட், ஒரு அப்பா

சுருக்கமாக ஒன்று. பெரியவன் அந்தப் பள்ளியில் கடைசி வகுப்பில் இருந்தால் சின்னதுக்கு முன்னுரிமை கிடையாது. அடுத்த வருடமும் அவன் அங்கே படிக்க வேண்டும். எங்களுக்கு ஏழு வயது இடைவெளி, அதனால் இந்தக் கதவு திறக்கவே இல்லை. வயது வித்தியாசம் அதிகமுள்ளவர்கள் தொடக்கத்திலேயே பள்ளி எந்த வகுப்பு வரை என்று பாருங்கள். மேல் வகுப்பு வரை ஓடும் சார்ட்டர் பள்ளிகளில் எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

குயின்ஸ், நியூயார்க்

இங்கேயும் 12 பள்ளிகள்தான், உடன்பிறப்பு முன்னுரிமையும் உண்டு. ஆனால் எங்களுக்குக் குலுக்கல் எண்ணைக் காட்டுகிறார்கள். எண்ணும் எழுத்தும் கலந்த 32 குறிகள், 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப். முதல் இரண்டு குறிகளைப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும், 0இல் தொடங்கினால் அதிர்ஷ்டம், எஃப் என்றால் பின்வரிசை. மகளுக்கு எஃப். ஆனாலும் அண்ணன் அதே பள்ளியில் இருந்ததால் கிண்டர்கார்டனில் முதல் சுற்றிலேயே கிடைத்தது. எண்ணைப் பார்த்து அழுதுவிட்டு, அப்புறம் முன்னுரிமை வரிசையைப் படித்துத் தேறியவள் என் மனைவி.

புரூக்லேண்ட், ஒற்றைக் குழந்தையின் அம்மா

வருத்தப்படாமல் கேளுங்கள். எனக்கு ஒரே மகன். நான் தனியாக வளர்க்கிறேன். முண்டோ வெர்டே என்ற சார்ட்டர் பள்ளியில் பி.கே.3 காத்திருப்பில் 7இல் இருந்தவன் 11க்குப் போனான். யாரோ நான்கு பேருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். உங்கள் அக்கா-தம்பி சேர்ந்ததைப் படித்து மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் மகள் அந்த வரிசையில் தாண்டிய ஒவ்வொருவரும் என் மகனைப் போல ஒருவன்தான் என்பதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்கும் ரெட் லைன் பயணம் இருக்கிறது, எனக்கும் ஒரே ஆள் சம்பளம்தான்.

முதலில் எழுதியவள்

நீங்கள் சொல்வது நியாயம் சகோதரி. இதை நானே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமான பக்கம் இது. இரண்டு பிள்ளைகளை இரண்டு மூலைக்கு இழுக்கும் குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நுழைவு வகுப்பிலேயே பெரும்பகுதி இடம் உடன்பிறந்தோருக்குப் போய்விடும் பள்ளிகளில், புதிதாக வரும் குடும்பம் எங்கே போகும்? உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கென்று தனியாக இடம் ஒதுக்கும் பள்ளிகள் இங்கே இருக்கின்றன. 'சமவாய்ப்பு' முன்னுரிமை என்பார்கள். அது எல்லாப் பள்ளிக்கும் வர வேண்டும் என்று நான் பேசி வருகிறேன், தொடர்ந்து பேசுவேன்.

உங்கள் மகனுக்காக ஒன்றிரண்டு. காத்திருப்புப் பட்டியல் அடுத்த வருடத்துக்குத் தொடராது. டிசம்பரில் பி.கே.4க்குப் புதிதாகப் போட வேண்டும், புது எண் வரும். ஜான்னி, லாஃபயெட் போன்ற பள்ளிகளில் பி.கே.4தான் நுழைவு வகுப்பு. அதனால் இந்த வருடம் பட்டியலில் இல்லாத பெயர்களும் அடுத்த வருடம் உங்களுக்கு உண்டு. எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவை கடினம்தான், எழுதுவதால் கீழே உள்ளவற்றில் எதுவும் குறையாது. எந்தப் பள்ளியில் எத்தனை இடம், எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று பள்ளி வாரியாக வெளியிட்டிருக்கிறார்கள், டிசம்பருக்கு முன் அதை ஒருமுறை பாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பட்டியல் போட வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் எனக்கு நேரம் இருக்கும். பிள்ளைகள் மூவரும் விளையாடட்டும்.