கோச் வீட்டு வெள்ளிக்கிழமை

பெரிய விளையாட்டு ஆட்களைப் பக்கத்தில் பார்த்த கதையைக் கேட்டதற்கு, இங்கே பலர் ஏர்போர்ட்டில் பெரிய பிளேயரைப் பார்த்தேன், செல்ஃபி எடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் கதை அப்படி இல்லை. தோஹாவில் ஒரு கால்பந்து கோச் குடும்பத்துக்கு மூன்று வருடம் டிரைவராக இருந்தேன். ஐரோப்பாக்காரர். ஒரு நாட்டு அணியின் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். எந்த அணி, என்ன பேர் என்று கேட்காதீர்கள். சோறு போட்ட வீடு.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோச் என்றால் தினமும் கிரவுண்டுக்குப் போவார் என்று நினைத்திருந்தேன். இவர் வாரக்கணக்கில் வீட்டில் இருந்தார். லேப்டாப்பில் மேட்ச் ஓடும். சாயங்காலம் ஏதாவது கிளப் மேட்சுக்குக் கூட்டிப்போகச் சொல்வார், ஸ்டாண்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். அப்புறம் திடீரென்று பெட்டியோடு கிளம்பினால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆள் இருக்காது. மேடம்தான் ஒருநாள் விளக்கினார். பிளேயருக்குச் சம்பளம் கொடுப்பது கிளப். நாட்டு அணிக்காக அவனை விட்டே ஆக வேண்டிய நாட்களை ஃபிஃபா முன்கூட்டியே குறித்துவிடும். அப்போது மார்ச், ஜூன், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். விண்டோ என்பார்கள். பையன்கள் முந்தின நாள்தான் கிளப்புக்கு ஆடிக் களைத்து வந்து சேருவார்கள். அதற்குள் இரண்டு மேட்ச். ஒழுங்கான பயிற்சி என்று பார்த்தால் மூன்று நாலு நாள் தேறும். அதனால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் மனுஷனுக்குத் தலைக்குள் அடுத்த விண்டோதான்.

ஃபிரிட்ஜ் கதவில் பெரிய மகள் ஒரு காலண்டர் ஒட்டியிருந்தாள். அப்பா இல்லாத நாட்களுக்கு நீல ஸ்கெட்ச். அவளுடைய பிறந்தநாள் அக்டோபர் இரண்டாம் வாரம். நான் இருந்த மூன்று வருடமும் அது நீலத்தில்தான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை வெளியே போகும் நாள். கார்னிஷ், சூக் வாகிஃப், ஆஸ்பயர் பார்க் என்று சுற்றுவோம். பிள்ளைகளுக்குப் பிடித்தது அல் தகீரா. தோஹாவிலிருந்து வடக்கே போய் அல் கோரைத் தாண்டினால், சுற்றிலும் பாலைவனமாக இருக்கிற இடத்தில் கடலோரமாக அலையாத்திக் காடு. எனக்கு ஊர் முத்துப்பேட்டை பக்கம். முதல் தடவை அங்கே வண்டியை நிறுத்தியபோது அதே மரம், அதே சேற்று வாடை, சேற்றில் குத்திட்டு நிற்கும் அதே மூச்சு வேர்கள். கொஞ்ச நேரம் வண்டியை விட்டு இறங்கவே தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோச் தன் போனை என்னிடம் கொடுத்தார். "ரெண்டு மணி நேரம் நீயே வெச்சிரு. டாக்டர் கூப்பிட்டா மட்டும் சொல்லு." சின்னவனோடு கயாக்கில் ஏறிக்கொண்டார். பையனுக்கு ஆறு வயது, துடுப்பு அவனைவிட நீளம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. நாலாவது தடவை அணியின் டாக்டர் பெயர். மறுவாரம் விண்டோ.

பேண்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனைத் தூக்கிக் காட்டினேன். முதலில் பார்த்தது பையன்தான். துடுப்பை மடியில் வைத்துவிட்டு, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வைக்கு நான் சம்பளம் வாங்கவில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. கோச் கரைக்கு வந்து, முழங்கால் தண்ணீரில் நின்றபடி இருபது நிமிஷம் பேசினார். முதல் கோல்கீப்பருக்கு விரலில் அடியாம். தன் விரலை மடக்கி மடக்கிக் காட்டிப் பேசினார், எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியும் என்பது போல. பையனும் நானும் நண்டு வளைகளை எண்ணினோம். அறுபத்து மூன்று.

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்தார். "உனக்குப் பிள்ளைங்க இருக்கா?" "ஒரு பொண்ணு சார், ஏழு வயசு." "கடைசியா எப்ப பார்த்தே?" "இருபது மாசம் ஆச்சு. இமோ வீடியோ கால் ஆப்பில் தினமும் பேசுவேன்." லுசைல் வரும் வரை அவர் வாயே திறக்கவில்லை.

* * *

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம். நான் மலேசியா, ஈப்போ. எங்கள் பெரியப்பாவும் கோச்தான். முதலில் மாநில அணி, அப்புறம் கொஞ்ச காலம் தேசிய இளையோர் அணியில் உதவியாளர். உங்களுக்கு அக்டோபர் என்றால் எங்களுக்கு டிசம்பர். அப்போதெல்லாம் மலேசியாவில் பள்ளிக்கூட நீண்ட விடுமுறை நவம்பர், டிசம்பரில் வரும். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சீ விளையாட்டும், ஆசியான் கால்பந்துக் கோப்பையும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எல்லாப் பிள்ளைகளும் அப்பாவோடு கேமரன் மலைக்குப் போகும்போது எங்கள் அக்காமார் பெரியம்மாவோடு பஸ் ஏறுவார்கள்.

எங்கள் அத்தை மகள் கல்யாணம் பத்துமலை பக்கத்து மண்டபத்தில். பெரியப்பா பயிற்சி முகாமிலிருந்து நேராக வந்தார். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக உள்ளே நுழைந்தார். மேலே சட்டை மாற்றியிருந்தார், ஆனால் கழுத்தில் விசில் கயிறு அப்படியே. பெரியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. விசிலைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். சாப்பாடு முடிந்து அவர் கிளம்பும்போதுதான் அவிழ்த்துக் கொடுத்தார்.

மலேசிய அணியின் கோச்சாக இருந்த கே. ராஜகோபாலை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் 2010 டிசம்பர் எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காது. ஆசியான் கோப்பையில் முதல் மேட்சிலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று வாங்கினோம். கடைத்தெருவில் ராஜகோபாலைத் திட்டாத ஆள் இல்லை, அதற்கு முந்தின வருடம்தான் லாவோஸில் சீ விளையாட்டுத் தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார் என்பது யாருக்கும் நினைவில்லை. அதே இந்தோனேசியாவைத்தான் இறுதியில் சந்தித்தோம். 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 3-0. 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2, கோப்பை நமக்கு. பிரதமர் 31ஆம் தேதியைப் பொது விடுமுறை என்று அறிவித்தார். நாடே லீவு போட்டது. ஒரு தமிழர் வாங்கிக் கொடுத்த லீவு என்று எங்கள் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரியம்மா மட்டும், "அவர் வீட்டில் இந்த டிசம்பரும் போச்சு" என்றார்.

* * *

நான் வேறு ஆள். தென்கொரியாவின் குவாங்ஜூவில் இரண்டு வருடம் படித்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே உலகக் கோப்பை ஸ்டேடியத்துக்கு, அப்போது கொரிய அணியின் கோச்சாக இருந்த ஹூஸ் ஹிடிங்க் பெயர் உண்டு. 2002 உலகக் கோப்பையில் கொரியா ஸ்பெயினைப் பெனால்டியில் வென்றது அங்கேதான். ஒருநாள் டாக்ஸியில் போகும்போது வயதான டிரைவர் அந்த ஸ்டேடியத்தைக் காட்டிச் சிரித்தார். 2001இல் பிரான்ஸிடம் 5-0, செக் குடியரசிடம் 5-0 என்று தோற்றபோது ஹிடிங்குக்கு வைத்த பட்டப்பேரே 'ஓ டே யோங்', அதாவது ஐந்துக்குப் பூஜ்யம். தோழியோடு விடுமுறைக்குப் போகிறார் என்று பத்திரிகைகள் அவரைக் காய்ச்சி எடுத்தனவாம். "நானும் திட்டினேன்" என்றார் டிரைவர். அரையிறுதிக்குப் போன பிறகு அந்த விடுமுறையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவரும் இருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் கோச்சாக இருந்த பிரேசில்காரர் பரெய்ரா, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று 2008 ஏப்ரலில் விலகினார். சொந்த மண்ணில் உலகக் கோப்பை நடக்க இரண்டே வருடம் இருந்தது. 2009 அக்டோபரில் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தார்.

* * *

முத்துப்பேட்டைக்காரன் மறுபடியும். பிறகு என்ன ஆச்சு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வருடம் ஜூன் விண்டோவுக்குக் கிளம்பும்போது, "நான் இல்லாதப்ப உனக்கென்ன வேலை, நீயும் ஊருக்குப் போ" என்று எனக்கு லீவு போட்டுக் கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் நம்மூரில் ஜூன் என்றால் பள்ளிக்கூடம் திறந்துவிடுமே. கோடை லீவு முழுக்க அப்பா வருவார் என்று காத்திருந்த பிள்ளை, நான் போய்ச் சேர்ந்தபோது யூனிஃபார்மோடு நின்றது. காலையில் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் போய் நிற்பேன். பகலெல்லாம் சும்மா.

விண்டோ முடிந்து அவர் தோஹா திரும்பிவிட்டார், என் லீவு இன்னும் பாக்கி. ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் நிற்கும்போது போன் அடித்தது, கோச். பிள்ளைகளை அல் தகீராவுக்கு அவரே ஓட்டிக்கொண்டு போகிறாராம். வண்டியில் குழந்தை சீட்டின் பக்கிள் எந்தப் பக்கம் அழுத்தினால் திறக்கும் என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது, என் மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "சார், சிவப்புப் பட்டன், ரெண்டு விரலால அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினேன்.