பொருள்: சொல்லை மட்டும் மாற்றி எழுதுவதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் தேவை)

தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதியிருக்கும் வாழ்க்கை வரலாறுகளைச் சரிபார்க்க ஒரு கையேடு தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு குறைகளுக்குப் பெயர் வேண்டும்.

ஒன்று: நூலில் "இளமையிலேயே தந்தையை இழந்து வறுமையில் வாடினார்" என்றிருக்கிறது. பிள்ளை "சிறு வயதிலேயே தகப்பனாரைப் பறிகொடுத்து ஏழ்மையில் உழன்றார்" என்று எழுதுகிறது. பத்தி முழுக்க இப்படியே, வரிசைகூட மாறவில்லை. அடியில் நூலின் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள்.

இரண்டு: பாரதியார் திருவல்லிக்கேணியில் இருந்தார், சான்று உண்டு. கணிதமேதை ராமானுஜனும் இருந்தார், சான்று உண்டு. "எனவே இருவரும் சந்தித்துப் பேசியிருப்பார்கள்" என்பது பிள்ளையின் கைச்சரக்கு.

மயூர் விகாரிலிருந்து பேராசிரியர்:

அம்மா, தொல்காப்பியர் இதைத் தீர்த்துவைத்துவிட்டார். "வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூல்." கலைக்களஞ்சியம் வழிநூல், அதாவது முன்னோர் சொன்னதைப் பின்பற்றி எழுவது; அதில் தானே புதிதாகச் சொல்லும் முதனூல் வேலை பார்ப்பதுதான் உங்கள் இரண்டாவது குறை. 'முதனூன்மை' எனலாம். வழிநூலுக்கும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி (இரண்டும் கலந்தது), மொழிபெயர்த்து அதர்ப்பட (நெறிப்பட) யாத்தல் என நான்கே வழி. முதல் குறை எதிலும் அடங்காது, ஆகவே 'போலிவழி'. நன்னூலார் "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்றதையும் இங்கே கருதவேண்டும்.

நொய்டாவிலிருந்து:

ஐயா, அந்த நன்னூல் சூத்திரத்தைப் பிள்ளைகள் கண்ணில் காட்டிவிடாதீர்கள். காப்பியடிக்கப் பவணந்தி முனிவரே அனுமதி கொடுத்துவிட்டார் என்பார்கள்! 'போலிவழி' என்றால் தப்பான ரூட் என்றுதான் புரியும். இது ஈயடிச்சான் காப்பிகூட இல்லை. ஈ இருந்த இடத்தில் கொசுவை அடித்து ஒட்டியிருக்கிறார்கள். 'சொல்மாற்று நகல்' போதும்.

கரோல் பாக்கிலிருந்து:

நகல் அரபுச் சொல். 'படி' இருக்க அதற்கென்ன தேவை? படி, படியெடுத்தல் இரண்டும் ஒரே வேர். படிதல் என்றால் ஒன்றின்மேல் ஒன்று பதிதல். 'சொல்மாற்றுப் படி' என்க.

ஆசிரியை:

'சொல்மாற்றுப் படி' என்று தாளில் போட்டால் 'சொல்லை மாற்றிப் படி' என்று நான் உத்தரவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேர்வறையில் 'நக்கல்' என்று இந்தியில் கேட்டுக் கேட்டு நகல் உடனே விளங்கும். அதுவே எனக்கு வசதி. இரண்டாவதற்கு 'சொந்த ஆய்வு' என்றால் "நல்லதுதானே டீச்சர், ஏன் கூடாது?" என்கிறார்கள். 'மூல ஆய்வு' என்றேன், வகுப்பே சிரித்தது. காரணம் சொல்லவேண்டாம்.

நொய்டா:

விக்கிப்பீடியாவில் தடை ஆய்வுக்கு இல்லையே. எங்கும் அச்சாகாத முடிவை நாமாகச் சேர்ப்பதற்குத்தான் தடை. 'தன்முடிவு'?

பேராசிரியர்:

'தன்முடிபு' என்பதே இலக்கண வழக்கு. அப்புறம், அந்தச் சந்திப்பு நடந்திருக்கவே முடியாது. 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில். ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போய் 1919இல்தான் திரும்பினார்.

கரோல் பாக்:

1906ஐ விட்டுவிட்டீர்களே! அப்போது ராமானுஜன் பச்சையப்பன் கல்லூரியில், பாரதி சென்னையில் பத்திரிகை வேலையில்.

நொய்டா:

நீங்கள் இருவரும் இப்போது செய்வதற்குத்தான் ஐயா, நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியை:

வியாழன் இரவாகிவிட்டது. மறுப்பு சொன்னவர்களைவிட மௌனமாக இருந்தவர்கள் அதிகம், அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். 'சொல்மாற்று நகல்', 'தன்முடிவு' இரண்டையும் போட்டு, கீழே அந்தத் தகப்பனார் வாக்கியத்தையும் திருவல்லிக்கேணியையும் எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பேராசிரியர் ஐயா மன்னிக்கவேண்டும், 'வ'தான்.

கரோல் பாக்:

அச்சிடுங்கள். ஆனால் நகல் தமிழ் இல்லை என்ற என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.