முதலாம் ஆண்டு உளவியல்: படித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

செந்தூல் மாணவி

கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டை முடித்துவிட்டேன். சேர்ந்த புதிதில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பாப்போம்" என்று யாராவது கேட்பார்கள். இல்லாவிட்டால் "தஞ்சோங் ரம்புத்தான்ல வேலையா?" என்று அங்கிருக்கும் மனநல மருத்துவமனையைச் சொல்லி ஒரு சிரிப்பு. மனநல மருத்துவர் ஆக முதலில் மருத்துவம் படிக்க வேண்டும். நாங்கள் படிப்பது வேறு என்று விளக்கியே வாய் வலித்துவிட்டது.

பிரிட்டிஷ் உளவியல் கழகம் வகுத்த அடிப்படைப் பகுதிகளை ஒட்டியதுதான் எங்கள் பாடத்திட்டம்: மூளையும் உடலும், அறிதல், வளர்ச்சி, சமூகம், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு, அப்புறம் ஆய்வுமுறை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு சீக்கிரமே முடிந்துவிட்டார். அவருக்காகவே சேர்ந்த ஒரு பையனின் முகம் தொங்கிப்போனது.

எனக்குப் பிடித்தது ஸ்ட்ரூப் சோதனை. 'பச்சை' என்ற சொல் சிவப்பு மையில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். 1935-இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட ஆய்வில், வெறும் நிறக்கட்டங்கள் 100-ஐச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 வினாடி ஆனது. சொற்கள் குறுக்கே வந்ததும் 110 ஆகிவிட்டது.

லெக்சரர் ஆங்கிலத் தாளும் மலாய்த் தாளும் கொடுத்தார். தமிழ்த் தாளை நாங்களே தயாரித்தோம். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் மூன்றிலும் திணறினோம். என் தோழி ஒருத்தி வீட்டில் தமிழ்தான் பேசுவாள். ஆனால் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்ததால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். தமிழ்த் தாளை அவள் சரசரவென்று முடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்! சரளமாக வாசிக்கப் பழகிய கண்ணுக்கு வாசிக்காமல் இருக்கத் தெரியாது. சீனத் தாள் கொடுத்திருந்தால் நாங்களும் பறந்திருப்போம்.

ஜார்ஜ்டவுன் அக்கா

தங்கச்சி, புள்ளியியலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே? நான் பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தேன். பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் தேர்வோடு கணக்குக்கு முழுக்குப் போட்டவள் நான். எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம், முடிவு தற்செயலா என்று பார்க்க வைக்கும் 0.05 எல்லை என்று ஆரம்பித்ததும் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வளர்ச்சி உளவியல்தான் பிடித்து நிறுத்தியது. பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே செய்ததை என் அக்கா மகனிடம் செய்து பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சமமாக மைலோ. அதில் ஒன்றை அவன் கண்ணெதிரே ஒல்லியான உயரக் கிளாஸுக்கு மாற்றி, எதில் அதிகம் என்று கேட்டேன். உயரமானதைக் காட்டி "இதுதான், எனக்கு இது!" என்றான். பியாஜே கணக்குப்படி ஏறக்குறைய ஏழு வயதில்தான் இந்தக் குழப்பம் தீரும்.

ஆனால் 1974-இல் மக்காரிகிள், டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் இதைக் கொஞ்சம் ஆட்டிவிட்டார்கள். இரண்டு வரிசையில் சமமாக வைத்த வில்லைகளைப் பெரியவர் கலைக்காமல் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை கலைத்ததுபோல் செய்ததும், நிறையப் பிள்ளைகள் சரியாகப் பதில் சொன்னார்கள். பெரியவர் எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று பிள்ளை நினைக்காதா? எனக்கு இந்த விளக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

பிரிக்பீல்ட்ஸ்காரன்

சேரும் முன்பே ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள். இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்து இங்கே மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது, முதுகலை வேண்டும். மருத்துவத் துறை சார்ந்த துணைத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 774-க்குள் அந்தத் தொழில் வருகிறது. மனிதவளத் துறைக்கோ விளம்பரத் துறைக்கோ போவதென்றால் இந்தக் கவலை இல்லை. நான் மனிதவளத்தில் இருக்கிறேன். தினமும் கைகொடுப்பது அக்கா திட்டிய அந்தப் புள்ளியியல்தான்.