மறிபேச்சா உம்கொட்டலா: பார்ஜ்-இன்னுக்கு ஒரு சொல்

அண்ணை, போனில தானாக் கதைக்கிற மென்பொருள், அந்த பொட் கதைச்சுக்கொண்டிருக்கக்குள்ள ஆள் நடுவில வாயத் திறந்தா அது நிறுத்திப்போட்டுக் கேக்கோணும், அந்த பார்ஜ்-இன்னுக்கு 'குறுக்கீடு' போதும் எண்டு எழுதியிருந்தீங்க. எனக்கு மனம் ஒப்பேல்ல. இந்தியாப் புத்தகத்தில குறுக்கீடு எண்டா இன்டர்ஃபியரன்ஸ், அலையோட அலை சேர்றது, நாங்க ஏஎல் பௌதிகத்தில அதைத் தலையீடு எண்டு படிச்சனாங்க. குறுக்குப்பேச்சு எண்டா மற்ற லைன்ர கதை எங்கட லைனில கேக்கிறது. இடைவெட்டு வைப்பம் எண்டா ஓஎல் கணக்கில ரெண்டு தொடைக்கும் (செற்) பொதுவான பகுதிக்கு அதை எடுத்திட்டாங்கள்.

இங்க திருகோணமலை டவுனில ஒரு டொக்டருக்கு நம்பர் எடுக்கிற பொட் செய்து குடுத்தன் (பொட் எண்டா மூதூருக்குப் போற போட், படகு எண்டுதான் அம்மா இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறா). அது "டொக்டர் பின்னேரம்" எண்டு தொடங்கிப்போட்டு அப்பிடியே வாய மூடிரும். முதல் எக்கோ எண்டு நினைச்சன், ரெண்டு வயர் நாலு வயரா மாறுற இடத்தில சத்தம் திரும்பி வரும்தானே, தன்ர குரலையே ஆள் கதைக்கிறார் எண்டு எடுத்து நிறுத்துது போல. அப்பிடித் திரும்பி வாற சத்தத்த அழிக்கிற எக்கோ கான்சலரப் போட்டன், பாதிதான் சரிவந்திச்சு. பிறகு ரெண்டு பக்கத்தையும் வேற வேறயா ரெக்கோட் பண்ணிக் கேட்டா சிரிப்புத்தான் வந்திச்சு, எங்கட சனம் பொட் சொல்ற ஒவ்வொண்டுக்கும் "ஓம்... ஓம்" எண்டு சொல்லிக்கொண்டிருக்கு!

நான் வச்சிருந்த செற்றிங்கில மூண்டு பக்கெட்டில, அதாவது லைனில வாற மூண்டு சின்ன ஒலித் துண்டில, குரல் இருந்தாலே நிறுத்தும். ஒரு பக்கெட் 20 மில்லிசெக்கன், அப்ப 60 மில்லிசெக்கனில கதை முடிஞ்சுது. அத 500 மில்லிசெக்கனுக்கு ஏத்தினா "இல்ல நாளைக்கு வேணும்" எண்டு உண்மையா மறிக்கிறவருக்கும் பொட் லேட்டாத்தான் நிக்குது. நிறுத்தினாலும் ஏற்கனவே லைனுக்கு அனுப்பி வச்ச ஓடியோவ அழிக்காட்டி அது பாட்டுக்குக் கதைச்சுக்கொண்டேயிருக்கும், அது வேற கரைச்சல். இப்ப சொல்லையும் பாக்கிறன், வெறும் ஓம், ம்ம், சரி எண்டா தொடர்ந்து கதைக்கும். ஆனா பொட் கேள்வி கேட்டு முடிச்ச பிறகு வாற "ஓம்" மறுமொழி, அத விடேலாது.

அதால சொல் ரெண்டு வேணும், உண்மையா மறிக்கிறதுக்கு ஒண்டு, சும்மா ஓம் போடுறதுக்கு ஒண்டு. பின்னதுக்கு நாங்க யோசிக்கவே தேவையில்ல, அம்மம்மா கதை சொல்லக்குள்ள உம் கொட்டினதுதானே, 'உம்கொட்டல்'. முன்னதுக்கு நான் சொல்றது 'மறிபேச்சு'. பஸ்ஸ மறிக்கிறம், ஆள மறிச்சுக் கேக்கிறம், பொட் எழுதி வைக்கிற பதிவில, லொக்கில, "ஆள் மறிச்சிட்டார்" எண்டு வினையாவும் எழுதலாம். பேச்சுமறிப்பு எண்டும் யோசிச்சன், அது என்னவோ ஊர்வலத்தில மறியல் மாதிரிக் கேக்குது.

வெள்ளிக்கு முதல் வேற சொல் இருந்தா சொல்லுங்க, மெனுவில ஏத்தினாப் பிறகு என்னால மாத்தேலாது.