பெல்ட்ட இறுக்கிற கார்ட்டூன் பழசாப் போச்சா? பேனா மையில கீறுற ஆக்கள் சொல்லுங்க

கல்லடிப் பெடியன்:
அண்ணாமார், நான் மட்டக்களப்பு. பேனாவும் கறுப்பு மையும் வச்சி கொஞ்சக் காலமா அரசியல் கார்ட்டூன் கீறுறன். 2023 மார்ச்சில ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) இலங்கைக்கு 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஓம் என்டதுக்குப் பிறகு வந்த சிக்கனத்த, அதான் பெல்ட்ட இறுக்கிறது என்டுறத, ஒரு தொடராக் கீறுவம் என்டு வெளிக்கிட்டன், முதல் படத்தில கோட் போட்ட, வண்டி பெருத்த மந்திரி ஒராள் எலும்பும் தோலுமா நிக்கிற மனிசன்ட பெல்ட்ட காலால மிதிச்சி இழுக்கிறார். அம்மா பாத்திட்டு "இது ஆரு மனே, நம்மட ஆக்கள் எப்ப பெல்ட் போட்ட?" என்டுட்டா. அதுக்குப் பிறகு கை ஓடுதில்ல. மற்றது, மழை தொடங்கினதில இருந்து கோடெல்லாம் பூனை மயிர் மாதிரி ஊறிப் போகுது, அதுக்கும் வழி சொல்லுங்க.

மைக்கூடு:
ஊறுறது மழையால மட்டுமில்ல, போட்டோகொப்பிப் பேப்பர்ல கீறுறீங்க போல. தடிச்ச கார்ட்ரிஜ் பேப்பர் வாங்கி பொலித்தீன் பைக்குள்ள போட்டு வைங்க. ஃபவுண்டன் பேனா மை வேணாம், தண்ணி பட்டாலும் கரையாத இந்தியன் இங்க்தான் சரி. புது நிப்பில எண்ணெய்ப் படலம் இருக்கும், அதக் கழுவாட்டி மை ஒழுங்கா இறங்காது. மறுகா நிழலுக்கு குறுக்குக்கோடு போடேக்க முதல் அடுக்கு காயும் மட்டும் பொறுங்க. எல்லாரும் கெடுக்கிற இடம் அதுதான்.

அக்கரைப்பற்று நானா:
தம்பி ஒங்கட உம்மா சொன்னது பாதி சரி. சாரம் கட்டுற ஆளுக்கு பெல்ட்ட இறுக்கு என்டா என்னத்த இறுக்கிற, முடிச்சத்தானே. ஆனா எங்கட மூத்தாப்பா சாரத்துக்கு மேல அகலமான பெல்ட் ஒண்டு போடுவார், அதில காசு வைக்க பை இரிக்கும், கடைக்குப் போனா பட்டன "டக்" என்டு தெறக்கிற சத்தம் இப்பயும் காதில கெடக்கு. அந்த பெல்ட்டக் கீறுங்க, நம்மட மனிசன் ஒருத்தன் படத்துக்குள்ள வந்திருவான்.

பழைய கூப்பன்:
வண்டி பெருத்த மந்திரிய விடுங்க, அது எந்த ஊர்ப் படத்திலயும் வரும். 1797ல இங்கிலாந்து வங்கி தங்கம் குடுக்க ஏலாம கடதாசி நோட்டுக்கு மாறேக்க அந்த நாட்டுக் கார்ட்டூன்காரர் ஜேம்ஸ் கில்ரே கீறினதப் பாருங்க: வங்கி ஒரு கிழவி, சட்டை முழுக்க நோட்டுக் கடதாசி, பணப்பெட்டிக்கு மேல குந்தியிருக்கிறா, பிரதமர் பிட் கொஞ்சிற மாதிரி வந்து அவவின்ட பொக்கெற்றுக்குள்ள கை விடுறார். பிட் அதில ஒல்லிக் குச்சி, உண்மையிலயும் அவர் மெலிஞ்ச ஆள்தான். கள்ளனுக்கு வண்டி வேணும் என்டில்ல.
நம்மட நாட்டிலயும் சரக்கு கிடக்கு. 1953ல கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்தில இருந்து 70 சதம், பள்ளிப் பிள்ளையள்ட மத்தியான சாப்பாடும் வெட்டு. ஆகஸ்ட் 12 ஹர்த்தால், அமைச்சரவை கூடினது கொழும்புத் துறைமுகத்தில நிண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல! அரிசி விலைய ஏத்திட்டு கப்பல்ல ஏறின ஆக்கள், இதுக்கு மேல கேலிச்சித்திரக்காரன் என்னத்தக் கூட்டிக் கீறுற? ஒக்டோபர்ல பிரதமர் டட்லி சேனநாயக்க பதவிய விட்டார்.

மைக்கூடு:
கப்பல் நல்லாத்தான் இரிக்கு, ஆனா இப்பத்தப் பெடியனுக்கு 1953 விளங்காது, அடியில நாலு வரி எழுத வேண்டி வரும். எழுத்து கூடினா கார்ட்டூன் செத்திடும்.

கல்லடிப் பெடியன்:
நன்றி எல்லாருக்கும். கப்பல வேற படத்துக்கு வச்சிருக்கன். மந்திரிய மெலிய வச்சி, கண்ணாடி போட்டு, கையில அடிமட்டம் குடுத்திட்டன், மனிசன்ட இடுப்ப அளந்து "இன்னும் இடம் இருக்கு" என்டு கொப்பில எழுதுறார். மனிசனுக்கு சாரம், நானா சொன்ன பெல்ட். அந்தப் பைக்குள்ள என்ன வைக்கிற என்டுதான் ராவு முழுக்க யோசின. வெறும் பைய விட்டா பை என்டே தெரியுதில்ல. 2022 ஆகஸ்ட்ல 75 வீதம், 2023 பெப்ரவரில 66 வீதம் என்டு ஏறின கரண்ட் பில்ல நாலா மடிச்சி செருகலாமா?

அக்கரைப்பற்று நானா:
செருகுங்க. நுனி மட்டும் வெளிய தெரியட்டும், கணக்கு எழுதாதீங்க. எல்லார் ஊட்டயும் கெடக்கிற பில்தானே.