மெல்லிய ஒலியில் கேட்கச் சிறிய ஸ்பீக்கர்: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சி, உருத்திரபுரத்திலிருந்து:

எங்களுடையது மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டத்தில் கட்டிய சிறிய வீடு. முன்னறையில் இரண்டு கதிரையும் ஒரு மேசையும் போட்டால் நடப்பதற்கு மட்டுந்தான் இடம் மிஞ்சும். பக்கத்து அறையில் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அம்மா நேரத்தோடு படுத்துவிடுவார். ஆகவே இரவில், கதைக்கும் சத்தத்தைவிடக் குறைத்து வைத்துத்தான் பாட்டுக் கேட்க முடிகிறது. இந்தத் தேவையைச் சொல்லிச் சிறிய ஸ்பீக்கர் சோடி ஒன்று கேட்டபோது, ஏ9 வீதிக் கடைகளில் முதலில் காட்டியவை எல்லாம் பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்ட, முழு ஒழுங்கைக்கும் கேட்கும் செட்டுகளே.

பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் அந்த இலக்கத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. கணப்பொழுது உச்சத்தை வைத்து எழுதும் அந்த இலக்கம், ஸ்பீக்கர் தொடர்ந்து தரும் ஒலியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது ஒலியின் உரப்பைச் சொல்லும் டெசிபெல் குறிப்பு. அது 87 என்றிருந்தால், 1 வாட் கொடுக்கும்போது 1 மீற்றரில் அவ்வளவு ஒலி கிடைக்கும் என்று பொருள். வாட் பத்தில் ஒன்றானால் 10 டெசிபெல் குறையும், தூரம் 2 மீற்றரானால் திறந்த வெளியில் இன்னும் 6 குறையும். அப்படியும் 71 நிற்கிறது. சாதாரணமாகக் கதைப்பதோ 60 அளவில்தான். எங்கள் அறைக்கு வாட் ஒரு பிரச்சினையே அல்ல.

பிரச்சினை காதில் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டியது இதுதான்: ஒலி குறையக் குறைய அடித்தொனிதான் (பாஸ்) காதைவிட்டு முதலில் மறைகிறது. 1000 ஹேர்ட்ஸ் தொனி 40 டெசிபெலில் எவ்வளவு கேட்கிறதோ, அடித்தொனியான 100 ஹேர்ட்ஸ் அவ்வளவு கேட்க 60 டெசிபெலுக்கும் மேல் வேண்டும். கடையில் உரக்க வைத்துக் கேட்டு வாங்கிய பெட்டி வீட்டில் மெலிந்து ஒலிப்பதற்குக் காரணம் இதுவே.

நான் கடைக்குக் கொண்டுபோனது யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவு. கடைத் தம்பியிடம் சொல்லி, மின்விசிறியை நிறுத்தி, நாங்கள் இருவரும் கதைத்தால் பாட்டு மறைந்துபோகும் அளவுக்கு ஒலியைக் குறைத்துக் கேட்டேன். தவிலின் உயர்தொனிப் பக்கமான வலந்தலையில் விரற்கூடுகள் விழும் சொற்கள் எந்த ஸ்பீக்கரிலும் தெளிவாக வந்தன. அடித்தொனிப் பக்கமான தொப்பியில் தடி விழும் அடியில்தான் வித்தியாசம் தெரிந்தது: சிலவற்றில் அது வெறும் தட்டலாகச் சுருங்கிப்போக, 5 அங்குலக் கூம்பு கொண்ட ஒரு சோடியில் மட்டும் அடியின் கனமும், அது அடங்கும் விதமும் காதுக்கு எட்டின. அதையே வாங்கினேன். இரவில் அடித்தொனித் திருகை நடுவிலிருந்து சற்றுக் கூட்டிவிடுகிறேன். பழைய அம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்றிருந்த பொத்தான் செய்த வேலை அதுதான். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பிலிருந்து:

உருத்திரபுரம் அண்ணாவின் அனுபவத்தோடு, வைக்கும் இடத்தைப் பற்றி நானும் சொல்ல விரும்புகிறேன். சின்ன அறையில் ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுவர் அடித்தொனியைக் கூட்டிக் கொடுக்கும், மெல்லக் கேட்பவர்களுக்கு அது ஓரளவு உதவியே. ஆனால் பின்பக்கம் காற்றுத்துளை உள்ள பெட்டியை அப்படி வைத்தபோது ஆண் குரல்கள் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிட்டன. துளைக்குள் பஞ்சுத்துண்டு ஒன்றைச் செருகிய பிறகே குரல் தெளிந்தது. இனி வாங்குபவர்கள் துளை முன்பக்கம் உள்ளதையோ முற்றாக மூடிய பெட்டியையோ தேடுவது நல்லது. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வாகனங்களின் நெருக்கடியான இடத்துக்காக வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ என்ற ஸ்பீக்கரும் ஓரடி உயர மூடிய பெட்டிதான்.

இன்னொன்று, ஸ்பீக்கர்களைக் கதிரைக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். எனக்குக் கேட்கும் ஒலி மாறாமல் இருக்க, மற்ற அறைக்குப் போகும் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. வெறும் சீமெந்து நிலத்தில் பாயொன்றை விரித்ததும் எதிரொலியும் சற்று அடங்கியது.

வவுனியாவில் வானொலி திருத்தும் ஐயாவிடம் ஒரு கேள்வி: நடு இரவில் மிகக் குறைத்துக் கேட்கும்போது என் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடுகிறது. இது பழுதா, ஐயா?

வவுனியா, குருமன்காட்டிலிருந்து:

பழுது இல்லை, தங்கச்சி. நான் வானொலி திருத்தும் தொழிலில் நெடுங்காலம் இருப்பவன். உள்ளே அம்ப்ளிஃபயர் உள்ள பல ஸ்பீக்கர்கள், வரும் சமிக்ஞை சிறிதாகிவிட்டால் பாட்டு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு உறங்குநிலைக்குப் போய்விடும். கைத்தொலைபேசியில் ஒலியை முழுதாகக் கூட்டி, ஸ்பீக்கரின் திருகில் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் நிற்காது.

ஆனால் அதில் வேறொரு தொல்லை இருக்கிறது. மலிவான திருகுகளில் தொடக்கப் பகுதியில் இரு பக்கமும் சமமாகத் திறப்பதில்லை. பூச்சியத்திலிருந்து மெல்லத் திருப்பினால் ஒரு பக்கம் முதலில் பேசத் தொடங்கும். மற்றப் பக்கம் சற்றுப் பிந்தித்தான் வரும், பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். உரக்கக் கேட்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவதால் இது அவர்களுக்குத் தெரிவதேயில்லை, நாங்களோ எப்போதும் அங்கேயேதான் நிற்கிறோம். இரைச்சலும் அப்படித்தான்: பாட்டில்லாமல் ஸ்பீக்கரை இயக்கிக் கதிரை இருக்கும் தூரத்தில் இருந்து பாருங்கள், அங்கே 'ஸ்ஸ்' என்று கேட்குமானால் அந்தச் சோடி உங்களுக்கு வேண்டாம்.

வன்னியில் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அந்தச் சிறிய ஒற்றை ஸ்பீக்கரில் அடித்தொனி இல்லாவிட்டாலும், செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. மெல்லக் கேட்கும் ஸ்பீக்கரில் நான் இன்றைக்கும் முதலில் சோதிப்பது பேச்சுக்குரலைத்தான். தவிலை அதற்கு அடுத்ததாகவே வைப்பேன்.

தங்கச்சியின் ஸ்பீக்கரில் உறங்குநிலையை நிறுத்தும் ஆளி பின்பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உறங்குநிலையை நிறுத்திவிட்டு, திருகை இரு பக்கமும் சமமாகும் இடத்தில் வைத்து, ஒலியைத் தொலைபேசியிலேயே கூட்டிக் குறைக்கலாம்.